கேபிள்ல போற கரண்டு எந்த வழியா திரும்பி வருது, அதை முதல்ல சொல்லுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நம்ம நாட்டுக்கும் இலங்கைக்கும் நடுவுல கடலுக்கடியில கரண்டு கேபிள் போடுறதப் பத்தி உங்க பத்திரிகையில வாசகர் கடிதம் ரெண்டு வந்துச்சு. ஒருத்தர் எழுதுறாரு, கேபிள் வந்தா காந்தம் வரும், காம்பஸ் முள்ளு சுத்தும், மீன் எல்லாம் ஓடிரும், பாக் நீரிணை செத்துரும்னு. அதுக்கு இன்னொருத்தர் பதில் எழுதுறாரு, கேபிளுக்கு மேல இரும்புக் கவசம் இருக்கு, காந்தம் ஒண்ணும் வெளிய வராது, சும்மா பயப்படாதீங்கன்னு. ரெண்டு பேருமே ஊரு மேல அக்கறை வச்சுத்தான் எழுதியிருக்காங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா ரெண்டு கடிதத்துலயும் ஒரு எண்ணு கூட இல்ல. எத்தன ஆம்பியர், எம்புட்டு ஆழம், எந்தத் திசை, எதுவுமே இல்லாம காந்தம் வரும் வராதுன்னு பேசினா ராத்திரி பூரா பேசலாம், முடிவு வராது. நான் தங்கச்சிமடத்துல பிளஸ் டூ பசங்களுக்கு பிசிக்ஸ் எடுக்குறேன், படிக்கிறதுல முக்காவாசி பேரு கடலுக்குப் போற வீட்டுப் பிள்ளைக. அவங்க புத்தகத்துல இருக்குற கணக்க வச்சே இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க முடியும், அதனாலதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போனா மன்னிச்சுக்கங்க.

விஷயம் பல வருஷமா பேச்சுல இருக்குறதுதான், மதுரைப் பக்கத்துல இருந்து அனுராதபுரம் வரைக்கும் லைன் இழுக்குறதுன்னு. 2025 ஏப்ரல்ல கொழும்புல ரெண்டு நாடும் இதுக்கு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டாங்க. உயர் அழுத்த டிசி இணைப்பு. இந்த டிசிங்கிற வார்த்தைய கவனிக்கணும், ஏன்னா நம்ம வீட்டுக்கு வாரது ஏசி, செகண்டுக்கு 50 தடவ போயிட்டுப் போயிட்டு வரும், அது உண்டாக்குற காந்தப்புலமும் அதே வேகத்துல அங்கிட்டும் இங்கிட்டும் மாறுறதால காம்பஸ் முள்ளு அதுக்குப் பின்னாடி ஓட முடியாது, சும்மா நிக்கும். டிசி அப்படி இல்ல, ஒரே திசையில நின்னு தள்ளும், முள்ளு திரும்பும்.

1820-ல கோபன்ஹேகன்ல ஓர்ஸ்டெட்ங்கிற விஞ்ஞானி பாத்தது அதைத்தான். பேட்டரியில இணைச்ச கம்பிக்குப் பக்கத்துல இருந்த முள்ளு திரும்பிருச்சு. ஜூலையில அவரு அதை வெளியிட்டாரு, அதே வருஷம் அக்டோபர் முடியிறதுக்குள்ள பாரிஸ்ல பயோ, சவார்ட்னு ரெண்டு பேரு, நீளமான நேர் கம்பிக்குப் பக்கத்துல ஒரு சின்ன காந்த ஊசியத் தொங்கவிட்டு அது எம்புட்டு வேகமா ஆடுதுன்னு எண்ணியே, தூரம் ரெண்டு மடங்கானா காந்தம் பாதியாகுதுன்னு சொல்லிட்டாங்க. மூணே மாசம்! நடுவுல செப்டம்பர்லயே ஆம்பியர்ங்கிற விஞ்ஞானி, ரெண்டு கம்பிக்கு நடுவுல இழுப்பும் தள்ளும் இருக்குன்னு காட்டிட்டாரு. இதையெல்லாம் நான் வகுப்புல சொல்றப்ப பசங்க நிமிந்து உக்காருறாங்க, ஃபார்முலாவ மட்டும் போர்டுல எழுதினா தூங்கிருவாங்க.

கம்பிக்குள்ள என்ன நடக்குதுன்னா, எலக்ட்ரான் நகருது, அவ்வளவுதான். நகர்ற மின்னூட்டம் எதுவா இருந்தாலும் தன்னைச் சுத்தி காந்தப்புலம் உண்டாக்கும். எம்புட்டு மின்னூட்டம், எம்புட்டு வேகம், அது எந்தத் திசையில போகுது, நாம எந்தத் திசையில எம்புட்டு தூரத்துல நிக்கிறோம், இதுதான் கணக்கு. அது போற பாதையிலயே நேரா முன்னாடி நின்னா பூஜ்யம், பக்கவாட்டுல செங்குத்தா நின்னா முழுசா இருக்கும், தூரம் ரெண்டு மடங்கானா ஒரு துகளோட பங்கு கால்வாசியாக் கொறையும். இதுல பெரிய ஆச்சரியம் வேகந்தான். 1000 சதுர மில்லிமீட்டர் செம்புல 1000 ஆம்பியர் போகுதுன்னா எலக்ட்ரான் நகர்ற சராசரி வேகம் செகண்டுக்கு 0.07 மில்லிமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலதான் போகும். இம்புட்டு மெதுவாப் போற சமாச்சாரத்துக்கு எப்படி காந்தம் வருதுன்னு கேட்டா, செம்புல ஒரு கன மீட்டருக்கு 85-க்குப் பின்னாடி 27 பூஜ்யம் போடுற அளவுக்கு எலக்ட்ரான் இருக்கு, அம்புட்டும் சேர்ந்து நகருது. இன்னொண்ணு, கம்பியில நகராம நிக்கிற பிளஸ் அயனியும் அதே அளவு இருக்குறதால மின்புலம் வெளிய அடிபட்டுப் போயிருது, ஆனா நகர்றது மைனஸ் மட்டும்ங்கிறதால காந்தப்புலம் அடிபடாம நிக்குது. கேபிளத் தொடுற மீனுக்கு ஷாக் அடிக்குமான்னு கேக்குறவங்களுக்கும் இதுல பாதி பதில் இருக்கு.

இந்தத் துண்டு துண்டான பங்கையெல்லாம் கூட்டுனா நீளமான நேர் கம்பிக்கு ஒரு சுலபமான கணக்கு வரும். 0.2-ஐ ஆம்பியரால பெருக்கி, மீட்டர்ல இருக்குற தூரத்தால வகுத்தா காந்தப்புலம் மைக்ரோடெஸ்லாங்கிற அளவுல கிடைக்கும். எதோட ஒப்பிடணும்? பூமியோட காந்தத்தோட. நம்ம ராமநாதபுரம் கரையில அது கிட்டத்தட்ட 40 மைக்ரோடெஸ்லா, அதுவும் கிட்டத்தட்ட படுக்கையா வடக்கப் பாத்து இருக்கு, ஏன்னா காந்த நடுக்கோடு, அதாவது பூமியோட காந்தம் முழுசா படுக்கையா இருக்குற கோடு, நமக்குத் தெக்க பக்கத்துலயே போகுது.

இத எந்தப் போட்டுலயும் சோதிச்சுப் பாக்கலாம். பன்னெண்டு வோல்ட் பேட்டரி, 60 வாட் ஹெட்லைட் பல்பு, ரெண்டு வயர், ஒரு காம்பஸ். பல்பு எரிஞ்சா 5 ஆம்பியர் போகும். காம்பஸுக்குக் கீழ 10 சென்டிமீட்டர்ல ஒத்த வயர தெக்கு வடக்கா ஓட்டுங்க, இன்னொரு வயர நல்லா தள்ளி சுத்திக் கொண்டு போங்க. கணக்கு என்ன சொல்லுது? 0.2-ஐ 5-ஆல பெருக்கி 0.1-ஆல வகுத்தா 10 மைக்ரோடெஸ்லா, பூமியோடதுல கால்வாசி, அது குறுக்க தள்ளுறதால முள்ளு 14 டிகிரி திரும்பணும். சுவிட்ச போடுங்க, திரும்பும். இப்ப அதே வயர கிழக்கு மேற்கா ஓட்டுங்க. முள்ளு அசையாது! காந்தம் போயிருச்சான்னா போகல, அது இப்ப தெக்கு வடக்கா இருக்கு, பூமியோட காந்தத்தக் கூட்டுது இல்லேன்னா கொறைக்குது, முள்ளுக்குத் திரும்பக் காரணம் இல்ல. மூணாவதா, போற வயரையும் திரும்புற வயரையும் ஒண்ணா முறுக்கி காம்பஸுக்குக் கீழ ஓட்டுங்க. முள்ளு வடக்கையே பாத்துக்கிட்டு இருக்கும். பேட்டரி அதே, பல்பு அதே, கரண்டு அதே 5 ஆம்பியர். போட்டுக்கு வயரிங் பண்ற தம்பிகளுக்கும் இத சொல்லிக்கிறேன், காம்பஸ் இருக்குற இடத்துல பிளஸ் ஒரு பக்கமும் மைனஸ் ஒரு பக்கமும் இழுக்காதீங்கப்பா, ரெண்டையும் முறுக்கி ஓட்டுங்க. ஜிபிஎஸ் இருக்குன்னு சொல்லுவீங்க, அது ஆஃப் ஆகுற ராத்திரி காம்பஸ்தான் கரையக் காட்டணும், 3 டிகிரி தப்புனா 20 நாட்டிக்கல் மைல்ல ஒரு நாட்டிக்கல் மைல் தள்ளிப் போயிருப்போம், எல்லைக் கோடு இம்புட்டு கிட்ட இருக்குற கடல்ல அந்த ஒரு மைல் சின்ன விஷயமா?

இப்ப கேபிளுக்கு வருவோம். கணக்குக்காக 1000 ஆம்பியர்னு வச்சுக்கிறேன், இந்த மாதிரி பெரிய டிசி லைன்ல ஓடக்கூடிய அளவுதான் அது. முதல்ல மோசமான நிலைமை, ஒத்த கேபிள் மட்டும் கடலுக்கடியில போகுது, திரும்புற கரண்டு கடல் தண்ணி வழியா வருது. இப்படியும் உலகத்துல போட்டிருக்காங்க, அதை அப்புறம் சொல்றேன். தண்ணி வழியா திரும்புற கரண்டு கிலோமீட்டர் கணக்குல பரந்து விரிஞ்சு போயிரும், அதனால கேபிளுக்கு நேர் மேல நிக்கிற போட்டுக்கு அது ஒண்ணும் உதவாது, ஒத்தக் கம்பி கணக்கே செல்லும். நீளமான கம்பின்னா எம்புட்டு நீளம்னு பசங்க கேப்பாங்க, நல்ல கேள்வி. கேபிளுக்கு 10 மீட்டர் மேல போட்டு நிக்கிதுன்னா, அதுக்கு வர்ற காந்தத்துல நூத்துக்கு 95 பங்கு, நேர் கீழ இருக்குற 60 மீட்டர் கேபிள்ல இருந்தே வந்துருது. மிச்சக் கேபிள் தலைமன்னார் வரைக்கும் போனாலும் சரி, லண்டன் வரைக்கும் போனாலும் சரி, பாக்கி 5 பங்குதான்.

10 மீட்டர்ல 0.2-ஐ 1000-ஆல பெருக்கி 10-ஆல வகுத்தா 20 மைக்ரோடெஸ்லா. பூமியோடதுல சரி பாதி. முள்ளு எம்புட்டு திரும்பும்? இங்கதான் திசை வேணும். தனுஷ்கோடி முனையில இருந்து தலைமன்னாருக்கு நேரா கோடு போட்டா அது கிட்டத்தட்ட கிழக்க போகுது, கொஞ்சம் தெக்க சாஞ்சு, ஒரு 10 டிகிரின்னு வச்சுக்கங்க. பல்பு சோதனையில பாத்த மாதிரி கிழக்கு மேற்கா போற கம்பி முள்ளத் திருப்பாது, அதனால பெரும்பகுதி பூமிக் காந்தத்தக் கூட்டவோ கொறைக்கவோதான் செய்யும், அந்த 10 டிகிரி சாய்வுதான் கொஞ்சம் குறுக்க தள்ளும். கரண்டு நம்ம பக்கத்துல இருந்து இலங்கைப் பக்கம் போனா கேபிளுக்கு மேல காந்தம் தெக்கப் பாக்கும், பூமியோடது 40-ல இருந்து 20-க்கு வந்துரும், மெலிஞ்சு போன அந்த வடக்குக்கு எதிரா 3.5 மைக்ரோடெஸ்லா மேற்க தள்ளும், முள்ளு 10 டிகிரி கிட்ட மேற்க போகும். அதே கரண்டு அங்கிட்டு இருந்து இங்கிட்டு வந்தா? பூமியோட சேர்ந்து 60 ஆயிரும், முள்ளு 3 டிகிரி சொச்சந்தான் கிழக்க போகும். அதே கேபிள், அதே கரண்டு, போற திசை மாறுனா மூணு மடங்கு வித்தியாசம். இத ஃபார்முலா மனப்பாடம் பண்ணவன் சொல்ல மாட்டான், படம் வரைஞ்சு பாத்தவன் சொல்லுவான்.

ஆனா நம்ம கடல் 10 மீட்டர் ஆழமெல்லாம் எல்லா இடத்துலயும் இல்லங்கிறது இங்க உள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூணு பாகத்துக்கும் (ஒரு பாகம் ஆறடி) கம்மியான இடத்த எடுங்க, 5 மீட்டர். அங்க கேபிளோட காந்தம் 40. பூமியோடதும் 40! இலங்கைப் பக்கம் கரண்டு போறப்ப வடக்கு கிட்டத்தட்ட முழுசா அழிஞ்சுரும், 0.6 மைக்ரோடெஸ்லாதான் மிச்சம், குறுக்க தள்ளுறது 7 இருக்கும். வடக்கு காட்ட வேண்டிய முள்ளு மேற்க காட்டும். கேபிளத் தாண்டி அங்கிட்டு கொஞ்ச தூரம் போனதும் படிப்படியா சரியாயிரும், உண்மைதான், ஆனா கேபிள் பாதையிலயே ஓடுற போட்டுக்கு? அதனால முதல் கடிதம் எழுதுனவரு சொன்னது வெறும் பயம் இல்ல, ஒத்தக் கேபிள், தண்ணி வழி திரும்புதல்னா அவரு சொன்னது நடக்கும்.

ரெண்டாவது கடிதக்காரரு சொன்ன இரும்புக் கவசத்துக்கு வாரேன், ஏன்னா இத நிறைய படிச்சவங்களே நம்புறாங்க. கேபிளச் சுத்தி ஒரு வட்டம் வரைஞ்சுக்கங்க. அந்த வட்டத்தைச் சுத்தி காந்தப்புலத்தக் கூட்டிக்கிட்டே வந்தா கிடைக்கிற மொத்தம், வட்டத்துக்குள்ள போற நிகரக் கரண்ட (போறதுல வாரதக் கழிச்ச மிச்சத்த) பொறுத்தது மட்டுந்தான். இது ஆம்பியர் விதி, பிளஸ் டூ புத்தகத்துலயே இருக்கு. நேரான கேபிள், சுத்தியும் ஒரே மாதிரி கவசம். வட்டத்துக்கு உள்ள செம்பு இருக்கா, இரும்பு இருக்கா, பிளாஸ்டிக் இருக்காங்கிறது கணக்குலயே வராது. உள்ள 1000 ஆம்பியர் போனா, கவசம் இருந்தாலும் இல்லாட்டியும் வெளிய 10 மீட்டர்ல அதே 20 மைக்ரோடெஸ்லா. கவசம் நங்கூரம் இழுத்தா தாங்கும், கேபிளோட உலோக உறை மின்புலத்த உள்ளயே அடைச்சு வைக்கும், காந்தத்த அடைக்காது. கடல் தண்ணியும் அடைக்காது, மண்ணும் அடைக்காது, புதைச்சா தூரம் ஒரு மீட்டர் கூடும், அம்புட்டுத்தான் லாபம்.

அப்ப வழியே இல்லையா? அதே ஆம்பியர் விதியிலதான் வழியும் இருக்கு. நிகரக் கரண்டுன்னு சொன்னேன் பாருங்க. திரும்புற கரண்டயும் இன்னொரு கேபிள்ல விட்டு, ரெண்டையும் ஒட்டி ஒண்ணாக் கட்டிப் போட்டா, வட்டத்துக்குள்ள போறது 1000, வாரது 1000, நிகரம் பூஜ்யம். முழுசா பூஜ்யமாகாது, ரெண்டும் ஒரே இடத்துல இருக்க முடியாதுல்ல, நடுவுல இருக்குற இடைவெளிக்குத் தக்கன கொஞ்சம் மிச்சமிருக்கும். அதுக்கும் கணக்கு சுலபம்: 0.2-ஐ ஆம்பியரால பெருக்கி, இடைவெளியால பெருக்கி, தூரத்தால ரெண்டு தடவ வகுங்க. இடைவெளி 10 சென்டிமீட்டர்னா, 10 மீட்டர் மேல 0.2 மைக்ரோடெஸ்லா. இருபது இருந்த இடத்துல 0.2! நூத்துல ஒரு பங்கு. 5 மீட்டர் ஆழத்துல 0.8, அது முழுசாக் குறுக்க தள்ளுனாலும் முள்ளு ஒரு டிகிரி சொச்சம் அசையும்.

0.2 மைக்ரோடெஸ்லான்னா எம்புட்டுன்னு சொல்ல நம்ம தலைக்கு மேலயே ஒரு அளவுகோல் இருக்கு. காந்த நடுக்கோட்டுக்கு மேல, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்துல பகல்ல கிழக்கப் பாத்து ஒரு பெரிய மின்னோட்டம் ஓடுது, நடுக்கோட்டு மின்தாரைன்னு சொல்லுவாங்க. திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்துல இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தோட ஆய்வகம் இதை ஆராய்ச்சி பண்ணுது. உச்சி வெயில் நேரத்துல அந்தக் கரண்டு தரையில கூட்டுற காந்தம் 0.1 மைக்ரோடெஸ்லா வரைக்கும் வரும். இதயும் பசங்க போட்டுப் பாக்கலாம், அகலமா விரிஞ்ச தகடு மாதிரி கரண்டுன்னு எடுத்து ஒரு மீட்டர் அகலத்துக்கு 0.1 ஆம்பியர்னு வச்சா 0.06 மைக்ரோடெஸ்லா வரும், அளந்ததோட ஒத்துப் போற ரகம். ஆக ஒட்டிக் கட்டுன ஜோடிக் கேபிள் 10 மீட்டர் ஆழத்துல பண்றது, வானம் தினமும் மத்தியானம் பண்றதுல ரெண்டு மடங்கு, மூணு மடங்கு. அதுக்குப் போயி யாரும் பயப்பட வேணாம்.

ஆனா ஜோடிக் கேபிள்னு சொல்லிட்டு ரெண்டையும் 50 மீட்டர் தள்ளித் தள்ளிப் போட்டா என்ன ஆகும்? ரிப்பேருக்கு எடுக்க வசதி, ஒரே நங்கூரம் ரெண்டையும் அறுக்காது, இப்படி காரணங்களுக்காக தள்ளிப் போடுற பழக்கம் உண்டு. அப்ப ஒண்ணுக்கு நேர் மேல 10 மீட்டர்ல நிக்கிற போட்டுக்கு, கீழ உள்ளது 20 கொடுக்கும், தள்ளி உள்ளது 4 கூட கொடுக்காது. அடிபடுதல் போச்சு, திரும்ப ஒத்தக் கேபிள் கதைதான், ஒண்ணுக்கு ரெண்டு இடத்துல. ஒட்டிக் கட்டுனா ரெண்டும் ஒண்ண ஒண்ணு தள்ளுமேன்னு ஒரு பையன் கேட்டான். தள்ளும், 10 சென்டிமீட்டர் இடைவெளியில மீட்டருக்கு 2 நியூட்டன், ஒரு 200 கிராம் எடை. கட்டு அதத் தாங்கும்.

வெளிநாட்டுல என்ன பண்ணாங்கன்னு பாருங்க. ஸ்வீடனுக்கும் ஜெர்மனிக்கும் நடுவுல 1994-ல வந்த பால்டிக் கேபிள் ஒத்தக் கேபிள், திரும்புற கரண்டு கடல் வழியா. அப்புறம் 2000-ல ஸ்வீடனுக்கும் போலந்துக்கும் போட்டப்ப, கடல்ல கரண்ட விடுறதுக்கு எதிர்ப்பு வந்ததால திரும்புறதுக்குத் தனிக் கேபிளே சேர்த்துப் போட்டாங்க. காந்தம் மட்டும் இல்ல, தண்ணிக்குள்ள மின்முனை வச்சா ஒரு முனையில குளோரின் வரும், பக்கத்துல உள்ள இரும்புக் குழாய் அரிக்கும், இதுவும் பேச்சுல இருந்துச்சு. அதே பால்டிக் கடல், ஆறு வருஷ இடைவெளி, முடிவு வேற. கேட்டவங்க கேட்டாங்க, மாறுச்சு.

மீனப் பத்தி. மன்னார் வளைகுடாவுல 21 தீவும் தேசியப் பூங்கா, அங்கிட்டு ஆமை, கடல்பசு, இங்கிட்டு திருக்கை, சுறா. ஆமை பூமியோட காந்தத்த வச்சு திசை கண்டுபிடிக்குதுன்னு ஆராய்ச்சியில காட்டியிருக்காங்க. சுறாவும் திருக்கையும் மூஞ்சியில இருக்குற சின்னச் சின்னக் குழிகளால மின்புலத்தையே உணரும், மீட்டருக்கு ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் கம்மியா இருந்தாக் கூட. காந்தப்புலத்துக்குள்ள உப்புத் தண்ணி ஓடுனா மின்புலம் பிறக்கும், இதுவும் நகர்ற மின்னூட்டக் கணக்குதான். பூமியோட 40-ல, செகண்டுக்கு அரை மீட்டர் ஓட்டம் கிழக்க மேற்க ஓடுனாலே மீட்டருக்கு 20 மைக்ரோவோல்ட் வந்துரும், அந்தச் சூழல்லதான் இந்த உயிரெல்லாம் பழகியிருக்கு. ஜோடிக் கேபிள் பக்கத்துல ஒரு மீட்டர்ல 20 மைக்ரோடெஸ்லா கூடும், மூணு மீட்டர் தள்ளுனா 2 சொச்சம். ஒத்தக் கேபிள்னா ஒரு மீட்டர்ல 200, மூணு மீட்டர்லயும் 67. இந்த எண்ணு வரைக்கும்தான் பிசிக்ஸ். இந்த எண்ணுக்கு திருக்கை என்ன பண்ணும், ஆமைக் குஞ்சு என்ன பண்ணும்னு சொல்ல வேண்டியது கடல் உயிரியல் படிச்சவங்க, மண்டபத்துலயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தோட மையம் இருக்கு, அவங்க கையில இந்த எண்ணக் கொடுத்துக் கேக்கணும். எண்ணே இல்லாம அவங்ககிட்டயும் கேக்க முடியாது.

பள்ளிக்கூடத்தப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். நம்ம பாடத்துல முடிவிலா நீளமுள்ள நேர் கம்பின்னு ஒண்ணு வரும், பசங்க அதுக்கு நிரூபணம் எழுதி அஞ்சு மார்க் வாங்குவாங்க. அந்தக் கம்பியில போன கரண்டு எங்கிட்டு திரும்புதுன்னு எந்தக் கேள்வித்தாளும் கேக்குறதில்ல. ஆனா உலகத்துல திரும்பாத கரண்டே கிடையாது. கமுதிப் பக்கம் பெரிய சூரிய மின் நிலையம் இருக்கு, 648 மெகாவாட், அந்த மாதிரி இடத்துல பேனல் வரிசையில இருந்து வர்ற பிளஸ் வயரையும் மைனஸ் வயரையும் ஒண்ணா ஓட்டணும்னு சொல்றதும் இதே காரணந்தான், நடுவுல இடம் விட்டா இடி மின்னல் நேரத்துல அந்தச் சுத்துக்குள்ள புகுந்த காந்தம் இன்வெர்ட்டர அடிச்சுரும். உங்க பத்திரிகையோட கல்விப் பக்கத்துல இந்தப் பாடத்துக்கு முக்கிய வினாக்கள் மட்டும் போடாம, நம்ம மாவட்டத்து எண்கள வச்சு ஒரு கணக்காவது போடுங்கன்னு கேட்டுக்கிறேன். இந்தக் கடிதத்துல உள்ளதையே எடுத்துக்கிட்டாலும் சரி.

கேபிள் திட்டத்துக்கு சுற்றுச்சூழல் அறிக்கை வர்றப்ப அதுல நாலு எண்ணு தமிழ்ல தெளிவா இருக்கணும்னு மீனவர் சங்கங்கள் கேக்கணும். அதிகபட்சக் கரண்டு எத்தன ஆம்பியர். போற கேபிளுக்கும் திரும்புற கேபிளுக்கும் நடுவுல எத்தன சென்டிமீட்டர், பாதை முழுக்க அதே இடைவெளிதானா, இல்ல எங்கயாச்சும் விலகுதா. கடல் மட்டத்துல இருந்து எத்தன மீட்டர் கீழ, ஆழம் கம்மியான இடம் எது. நாலாவது, ஒரு கேபிள் பழுதாயிட்டா இன்னொண்ண மட்டும் ஓட்டி தண்ணி வழியா திருப்பி விடுவாங்களா, விட்டா எத்தன நாளைக்கு. இந்த நாலாவதத்தான் ஒளிச்சு வைக்க வாய்ப்பு அதிகம், சாதாரண நேரத்துல எல்லாம் சரியா இருக்கும்னு அறிக்கையில எழுதிட்டு, பழுது நேரத்த ஒரு வரியில தாண்டிப் போயிருவாங்க, போட்டுல போறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். இந்த நாலும் இருந்தா மீதிய நம்ம பிளஸ் டூ பிள்ளைகளே போட்டுச் சொல்லிரும், யாரும் யாரையும் நம்பவும் வேணாம், பயப்படவும் வேணாம்.

பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம், இங்கிட்டு எந்தச் சங்கமா இருந்தாலும் கூட்டத்துக்குக் கூப்பிட்டா வந்து இந்தக் கணக்க போர்டுல போட்டுக் காட்டத் தயாரா இருக்கேன். பேட்டரி, பல்பு, வயரு நான் கொண்டு வாரேன், காம்பஸ் மட்டும் யாராவது ஒரு போட்டுல இருந்து கழட்டிட்டு வாங்க.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.